தர்ஷினி எனக்குக் கற்பித்த தமிழ்

எனக்குத் தமிழ் தெரியும். நான்கு வயதுக் குழந்தை ஒருத்தி என் சேலையைப் பிடித்துத் தமிழில் கெஞ்சியபோது, ஒரு சொல்லும் புரியாதவளைப்போல நின்றேன். பிறகு அந்தக் குழந்தையிடமிருந்தே தமிழ் கற்றுக்கொண்டதாக எல்லாரையும் நம்பவைத்தேன். அதற்காகப் பாராட்டும் வாங்கினேன்.

என் குற்றம் இவ்வளவுதான். சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்கிறார்கள்... எனக்கு இறங்கவில்லை. அதனால் முழுவதையும் சொல்லப் போகிறேன். நீங்கள் பொறுமையாகக் கேட்கவேண்டும்.

இதைத் தமிழில் எழுதுவதிலும் ஒரு தந்திரம் உண்டு என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். நான் வேலை பார்க்கும் கொச்சி மட்டாஞ்சேரிப் பள்ளியில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் எவரும் இல்லை. ஆகவே நீங்கள் அறிவீர்கள், அவர்கள் அறியமாட்டார்கள். ஒளிந்துகொண்டு ஒப்புக்கொள்வதும் ஒப்புக்கொள்வதுதானா என்று கேட்பீர்கள். கேளுங்கள். நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

என் பெயர் மீனா. எல்.கே.ஜி. ஆசிரியை. இந்தப் பெயர் எனக்கு ஒரு வசதி; கம்பத்திலும் மீனா, கொச்சியிலும் மீனா. ஐந்தாம் வகுப்புவரை கம்பத்தில் படித்தேன். அப்பா கொச்சியில் வைட்டிலா பக்கம் காய்கறி வண்டி போட்டிருந்தார். பிழைப்பு நிலைத்ததும் அம்மாவையும் என்னையும் அழைத்துக்கொண்டார். மலையாளத்தில் ஓர் எழுத்துகூடத் தெரியாமல் பள்ளியில் போய் உட்கார்ந்தேன். பிள்ளைகள் எனக்கு வைத்த பெயர் 'பாண்டி'. தமிழ்நாட்டுக்காரர்களை மட்டம்தட்ட இங்கே சிலர் சொல்லும் சொல் அது. அந்த ஒரே வருடத்தில் நான் மலையாளம் பேசப் பழகிய வேகத்தைப் பார்த்து ஆசிரியர்கள் வியந்தார்கள். அது அறிவு அல்ல, பயம்.

பிறகு மட்டாஞ்சேரிக்காரர் ஒருவரை மணந்தேன். அவர் மலையாளி, வீடு முழுக்க மலையாளம். அப்பாவும் அம்மாவும் கம்பத்துக்கே திரும்பிப் போய்விட்டார்கள். அவர்களோடு தொலைபேசியில் பேச நான் மொட்டைமாடிக்குப் போவேன். பள்ளியில் யாரும் என் பூர்வீகத்தைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கேட்காததைச் சொல்லாமல் இருப்பது பொய்யாகாது என்று நினைத்துக்கொண்டேன். எவ்வளவு சௌகரியமான நினைப்பு!

அந்த ஜூன் மாதம் தர்ஷினி வந்து சேர்ந்தாள்.

அப்பாவுக்குக் கட்டட வேலை. அம்மாவுக்குத் தோப்பும்படியில் இறால் உரிக்கும் ஷெட்டில் வேலை. தேவாரத்திலிருந்து வந்த குடும்பம். தேவாரம் என்றால் கம்பத்துக்குக் கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம். சேர்க்கை நாளில் அந்த அம்மா அரைகுறை மலையாளத்தில் திணறியதைப் பார்த்துக்கொண்டே, நான் சரளமான மலையாளத்தில் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் பேச்சில் என் அம்மாவின் குரல் கேட்டது. அதனாலேயே நிமிர்ந்து பார்க்காமல் இருந்தேன்.

"இந்த வருஷம் பாண்டிக் குழந்தையும் உண்டாம், மீனா டீச்சர் பாடு திண்டாட்டம்தான்" என்று ஆசிரியர் அறையில் யாரோ சொன்னார்கள். எல்லாரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணம் இல்லாத சிரிப்புதான். நானும் சிரித்தேன். மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே சிரித்திருப்பேன்.

முதல் வாரம். வெளியே நல்ல மழை. புதுக் குழந்தைகள் அழுவார்கள் என்று அம்மாக்கள் சிலர் ஜன்னலோரம் நின்றிருந்தார்கள். தர்ஷினி என்னிடம் வந்து சேலையைப் பிடித்தாள்.

"டீச்சர், ஒண்ணுக்கு வருது."

தெளிவாகக் கேட்டது. ஆயா லில்லி சேச்சி திரும்பிப் பார்த்து, "எந்தா ஈ கொச்சு பறயுன்னே?" என்று கேட்டார். இந்தக் குழந்தை என்ன சொல்கிறது என்று. ஜன்னலோரத்து அம்மாக்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"அறியில்லா," என்றேன். தெரியாது.

அவள் மறுபடியும் சொன்னாள். கால்களைப் பின்னிக்கொண்டு சொன்னாள். அதைப் புரிந்துகொள்ள ஒரு மொழியும் வேண்டாம். எந்த ஆசிரியைக்கும் பார்த்த மாத்திரத்தில் தெரியும். ஒரு தமிழ்ச் சொல்கூடப் பேசாமல் கையைப் பிடித்து அழைத்துப் போயிருக்கலாம்... ஆனால் தெரியாதவளாக நடிக்கத் தொடங்கிவிட்டேனே! அதை முழுவதுமாக நடித்தேன். "விசக்குன்னுண்டாகும்," பசிக்கிறது போலிருக்கிறது, என்று லில்லி சேச்சியிடம் சொல்லிவிட்டு, குழந்தையின் கையில் ஒரு பிஸ்கட்டைக் கொடுத்தேன்.

அவள் பிஸ்கட்டைப் பிடித்தபடி நின்ற இடத்திலேயே பாவாடையை நனைத்தாள். குழந்தைகள் சிரித்தார்கள். அவள் அழவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். லில்லி சேச்சி வந்து தூக்கிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு தர்ஷினி வகுப்பில் வாயைத் திறக்கவில்லை.

குழந்தைகள் சில நாள் பேசாமல் இருப்பது வழக்கம்தான் என்று தலைமையாசிரியை சொன்னார். பழகிவிடும் என்றார். நானும் தலையாட்டினேன். ஆனால் வாரம் போய் மாதம் வந்தது. பெயர் சொல்லி அழைத்தால் திரும்புவாள், சொன்ன இடத்தில் உட்காருவாள், கஞ்சியும் பயறும் கொடுத்தால் சாப்பிடுவாள். பேச்சு மட்டும் இல்லை. ஆறுதலாக அவள் காதில் ஒரு வரி தமிழ் சொல்லியிருந்தால் போதும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். தள்ளிப்போடப் போட, முதலில் ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி பெரிதாகிக்கொண்டே போனது.

அப்போதுதான் கம்ப்யூட்டர் எனக்குக் கைகொடுத்தது. எனக்கு என்று சொன்னதைக் கவனியுங்கள்.

எங்கள் வகுப்பின் மூலையில் இரண்டு கம்ப்யூட்டர்கள் இருந்தன. காக்கநாட்டில் வேலை பார்க்கும் பழைய மாணவர் ஒருவர், தன் அலுவலகத்தில் கழித்துவிட்டவற்றைக் கொண்டுவந்து கொடுத்தார். மைக் வைத்த ஹெட்ஃபோனும் உண்டு. அவற்றில் ஒரு விளையாட்டு: படத்தைத் தொட்டால் கைதட்டல் சத்தம், சரியாகத் தொட்டால் திரையில் ஒரு நட்சத்திரம். சின்னக் குழந்தைகளுக்குக் கம்ப்யூட்டர் வழிக் கல்வி என்று பள்ளி வாசலில் பலகைகூட வைத்துவிட்டார்கள். உண்மையில் அது எங்களுக்கு ஒரு தொட்டில். அடம்பிடிப்பவரை, அழுபவரை, என்ன செய்வதென்று தெரியாதவரை அங்கே உட்காரவைத்துவிடுவோம். சத்தம் அடங்கிவிடும்.

தர்ஷினியை அங்கே உட்காரவைத்தேன். தினமும். அவளைப் பார்க்காமல் இருக்க அது நல்ல வழி.

அவள் வெகு சீக்கிரம் கற்றுக்கொண்டாள். எதை என்று நினைக்கிறீர்கள்? படத்தைப் பார்க்கவே வேண்டாம், மவுஸை ஒரு சுற்றுச் சுற்றி எல்லா மூலையிலும் அழுத்தினால் எப்படியும் நட்சத்திரம் வந்துவிடும் என்பதை. திரை முழுக்க நட்சத்திரம் கொட்டும். தலைமையாசிரியை அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் "மிடுக்கி!" என்று அவள் தலையைத் தடவிவிட்டுப் போவார். கெட்டிக்காரி என்று. குழந்தை ஒன்றும் கற்கவில்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும், பள்ளி மாதாமாதம் கேட்கும் விவரத்தில் அவளுடைய முன்னேற்றம் நன்று என்றே சொல்லிவந்தேன்.

ஓணம் விடுமுறை முடிந்து வந்த ஒரு நாள், ஒரு குழந்தையின் மாலை அறுந்து சிதறிய மணிகளைப் பொறுக்க அந்த மேசைக்கு அடியில் குனிந்திருந்தேன். மேலே ஒரு குரல் கேட்டது. மிகவும் மெல்லிய குரல்.

"ஏய் வாத்து, தண்ணிக்குள்ளயே கெடக்காத. சளி பிடிச்சுக்கிரும். ஒங்கம்மா வேலைக்குப் போயிட்டாங்களா? சரி, அழுகாத. நான் இருக்கேன்ல."

தர்ஷினி திரையில் இருந்த வாத்தோடு பேசிக்கொண்டிருந்தாள்.

நான் மேசைக்கு அடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். எழுந்தால் நிறுத்திவிடுவாள் என்று பயம். அவள் பேசிக்கொண்டே போனாள்... வாத்துக்கு வீடு எங்கே, சாப்பாட்டுக்கு என்ன, மழையில் யார் கூட்டிப்போவார்கள் என்று ஒரு முழுக் கதை. இரண்டடி தள்ளி நின்ற லில்லி சேச்சிக்கு அது முணுமுணுப்பு. எனக்கு மட்டும்தான் புரிந்தது. ஊமையாகிவிட்டாளோ என்று எல்லாரும் கவலைப்பட்ட குழந்தைக்குள் இவ்வளவு பேச்சு இருக்கிறது என்பது அந்தப் பள்ளியில் எனக்கு ஒருத்திக்கு மட்டும் தெரிந்திருந்தது. இனி அதையும் மறைத்தால் நான் என்ன பிறவி?

ஆனால் பாருங்கள், அப்போதும் நான் அவளிடம் தமிழ் பேசவில்லை. அந்தத் தைரியம் வரவில்லை. வேறொன்று செய்தேன்.

மறுநாள் நட்சத்திர விளையாட்டை மூடினேன். வெறும் படம் வரையும் பக்கத்தையும், குரலைப் பதிவுசெய்யும் வசதியையும் திறந்துவைத்தேன். தர்ஷினி மவுஸால் நான்கு கோணல் கோடுகள் இழுத்தாள். பூனை என்று யாராவது சொன்னால்தான் தெரியும். வரைந்தபடி வழக்கம்போல அதனிடம் முணுமுணுத்தாள். நான் பதிவுப் பொத்தானை மட்டும் அழுத்திவிட்டுத் தள்ளி நின்றேன். முடிந்ததும் அவளுக்கே போட்டுக்காட்டினேன்.

அவள் தன் குரலைத் தானே கேட்டாள். முதலில் திரைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். பிறகு ஹெட்ஃபோனைக் கழற்றி உள்ளே பார்த்தாள். பிறகு சிரித்தாள். எங்கள் வகுப்பில் அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஜலதோஷம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

அதிலிருந்துதான் எங்கள் வகுப்பு மாறியது. இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை... சரி, கொஞ்சம் பெருமையும் இருக்கிறது, அதை ஏன் மறைக்கவேண்டும்? கம்ப்யூட்டரில் தொடங்குவதை விட்டுவிட்டோம். முதலில் வெளியே போவோம். படகுத்துறைக்குப் போய்ப் படகு வருவதைப் பார்ப்போம். கிடங்கு முற்றத்தில் இஞ்சி காயப்போட்டிருப்பதைத் தொட்டு மோந்து பார்ப்போம். திரும்பி வந்து மூன்று நான்கு பேராகத் திரைக்கு முன்னால் உட்கார்வார்கள். ஒருவர் வரைவார், ஒருவர் மைக்கில் சொல்வார், மற்றவர்கள் சண்டை போடுவார்கள். படகுக்கு ஜன்னல் எத்தனை என்ற சண்டை அரைமணி நேரம் நடக்கும். அந்தச் சண்டையில் அவர்கள் கற்ற எண்ணிக்கையை எந்த நட்சத்திரமும் கற்றுக்கொடுத்ததில்லை.

மட்டாஞ்சேரியைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெருவுக்கு ஒரு மொழி. குஜராத்தி பேசும் வீட்டுப் பையன், கொங்கணி பேசும் வீட்டுப் பெண், உருது பேசும் இரட்டையர்... எல்லாரும் வகுப்புக்கு வந்தால் மலையாளம் மட்டும் என்று இருந்தவர்கள். தர்ஷினி அவள் வீட்டுப் பேச்சில் பதிவுசெய்வதைப் பார்த்ததும், எனக்கும் எனக்கும் என்று மைக்குக்கு வரிசை கட்டினார்கள். வீட்டில் அம்மா பேசுகிற மாதிரி பேசலாம் என்று அந்தக் குழந்தைகளிடம் அதுவரை யாரும் சொல்லியதில்லை. நானும்தான்.

இந்த நல்ல காரியத்துக்கு நடுவில்தான் என் இரண்டாவது பொய் பிறந்தது.

ஒருநாள் தர்ஷினியின் பூனைக் கதையை எல்லாரும் கேட்கும்படி போட்டோம். "பூனை பாலைக் குடிச்சுப்புட்டு ஓடிப்போச்சு. அப்பறம் மாடிப்படில ஒளிஞ்சுக்கிருச்சு." குழந்தைகள் என்ன என்ன என்று என்னைப் பிடுங்கினார்கள். அவள் என்னை ஆசையோடு பார்த்துக்கொண்டிருந்தாள். தன் கதை எல்லாருக்கும் போய்ச் சேரவேண்டுமே என்ற ஆசை. என்னால் தாங்க முடியவில்லை. அப்படியே மலையாளத்தில் எடுத்துச் சொன்னேன். குழந்தைகள் கைகொட்டிச் சிரித்தார்கள். இந்தச் சிரிப்பு அவள் கதைக்கான சிரிப்பு.

தலைமையாசிரியை வாசலில் நின்றிருந்தார்.

"மீனா டீச்சர்க்கு தமிழ் அறியாமோ?"

உங்களுக்குத் தமிழ் தெரியுமா? எவ்வளவு நல்ல கேள்வி! தட்டில் வைத்து நீட்டிய கேள்வி. ஆமாம் என்று சொல்லியிருந்தால் எல்லாம் அன்றே தீர்ந்திருக்கும். ஆனால் உடனே அடுத்த கேள்வி என் மனத்தில் ஓடியது: அப்படியானால் ஜூன் மாதம்?

"இல்ல டீச்சர்... கேட்டு கேட்டு படிச்சதா," என்றேன். இவள் பதிவுகளைக் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டது என்று.

தலைமையாசிரியைக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. உள்ளே வந்து தர்ஷினியைத் தூக்கி மேசைமேல் நிறுத்தினார். "பாருங்க பிள்ளைகளே, நம்ம தர்ஷினி டீச்சருக்கே பாஷை சொல்லிக்கொடுத்திருக்கிறாள்!" என்று மலையாளத்தில் அறிவித்தார். எல்லாரும் கைதட்டினார்கள். தர்ஷினிக்கு அதற்குள் மலையாளம் ஓரளவு புரியும். அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன்.

மறுநாளிலிருந்து அவள் எனக்கு ஆசிரியை.

"டீச்சர், இது என்னா? சொல்லுங்க. நாக்காலி. எங்க, சொல்லுங்க?"

நான் வேண்டுமென்றே தப்பாகச் சொல்வேன். அவள் திருத்துவாள். திருத்தும்போது அவள் முதுகு நிமிரும், குரல் உயரும். ஒரு நாள் முகம் வாடி வந்து மூலையில் சுருண்டாள். தலை வலிக்கிறதா என்று கேட்க எனக்கு நா துடித்தது. ஆனால் 'தலை' என்ற சொல்லை அவள் எனக்கு இன்னும் சொல்லித்தரவில்லையே! என் தலையைத் தொட்டுக்காட்டி, இது என்ன என்று கேட்டேன். காய்ச்சலோடு எழுந்து உட்கார்ந்து, "தலை, டீச்சர்" என்று பாடம் நடத்தினாள். அதன்பிறகுதான் கேட்டேன். என் தாய்மொழியை அந்தக் குழந்தை அனுமதித்த அளவுக்கு மட்டும் பேசிக்கொண்டிருந்தேன். அது எனக்குச் சரியான தண்டனை என்றுகூட நினைத்தேன். தண்டனை இவ்வளவு இனிப்பாக இருக்கலாமா?

அவள் பேச ஆரம்பித்தாள் என்று சொன்னால் போதாது. நிறுத்தவே மறந்துவிட்டாள். டீச்சருக்கே சொல்லித்தருபவள் என்ற கெத்தில் மலையாளமும் அடித்து விளாசினாள். வகுப்பில் பாதிப் பேருக்கு இன்று மலையாளத்துப் 'பூச்ச' போய், பூனை என்றால்தான் பூனை.

செய்தி பரவியது. காக்கநாட்டில் நடந்த ஓர் ஆசிரியர் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். சின்னக் குழந்தைகளுக்குக் கம்ப்யூட்டரை எப்படிப் பொருளோடு பயன்படுத்துவது என்று பேசினேன். குழந்தை திரையைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது, திரை குழந்தையைக் கேட்டுக்கொண்டிருக்கவேண்டும் என்றேன். அது உண்மை, இன்றும் நம்புகிறேன். ஆனால் கைதட்டல் வந்தது அதற்கல்ல. 'குழந்தையின் மொழியைக் கற்க மாணவியாக மாறிய ஆசிரியை' என்று என்னை மேடைக்கு அழைத்தார்களே, அதற்கு. சால்வை போர்த்தினார்கள். வீட்டுக்கு வந்து அதை அலமாரியின் அடியில் திணித்தேன்.

எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று முடிவெடுத்திருந்தேன். நம்புங்கள். கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் பின் சொல்லிவிடுவதாக இருந்தேன்.

பள்ளி திறந்த அன்று தர்ஷினியின் அம்மா வந்தார். பிள்ளைக்கு இருமல், மருந்து கொடுத்திருக்கிறேன் என்று சொல்ல வந்தவர். மகளின் புண்ணியத்தில் அவரோடு நான் தமிழ் பேசலாம் என்று ஆகியிருந்தது. திக்கித் திணறித்தான் பேசுவேன். அன்று கவலையில் மறந்துவிட்டேன்.

"இருமல் இருந்தா அனுப்ப வேணாம். தாக்கல் மட்டும் சொல்லிவிடுங்க, போதும்," என்றேன்.

தாக்கல். சேதி என்பதற்கு எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சொல்லும் சொல். நான்கு வயதுக் குழந்தையிடமிருந்து யாரும் அதைக் கற்க முடியாது. சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் சேலைத் தலைப்பைச் சரிசெய்தேன்.

"டீச்சருக்கு எந்த ஊரு?"

"இங்கதான்... மட்டாஞ்சேரி."

"ம்."

அவருக்குத் தெரிந்துவிட்டது. ஜூன் மாதம் நனைந்த பாவாடையைத் துவைத்தவர் அவர்தானே! என்னை நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் அதற்குத் தயாராகத்தான் நின்றேன், கேட்கட்டும் என்று விரும்பினேன்கூட. அவர் மகளின் பையைக் கையில் மாற்றிக்கொண்டார்.

"தெனமும் பாயில உக்காந்து, நாளைக்கு டீச்சருக்கு என்ன சொல்லிக்குடுக்கலாம்னு யோசிச்சுக்கிட்டு இருக்கா. ஊர்ல தாத்தாகிட்ட போன்ல சொல்றா, நான்தான் எங்க டீச்சருக்குத் தமிழ் கத்துக்குடுத்தேன்னு. அந்த மனுசன் தெருவெல்லாம் சொல்லிட்டு வர்றாரு. அத மட்டும் கெடுத்துறாதீங்க டீச்சர்."

அவ்வளவுதான். போய்விட்டார். மன்னித்தாரா? இல்லை. அவர் சொன்னதில் மன்னிப்பு எங்கேயும் இல்லை. திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்துவிட்டேன். மகளுக்கு எது வேண்டுமோ அதை மட்டும் என்னிடம் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

ஆகவே நான் சொல்ல முடியாது. உண்மையைச் சொன்னால் என் மனம் லேசாகும், அவளுடைய பெருமை போய்விடும். அவள் வாயைத் திறக்கவைத்த அந்தப் பெருமை! சொல்லாவிட்டால்... ஒருநாள் அவள் வளர்வாள். கணக்குப் போட்டுப் பார்ப்பாள். டீச்சருக்கு அன்றைக்கே தெரிந்திருந்தது என்று அவளுக்கே விளங்கும். அப்போது நான் எங்கே இருப்பேனோ. நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

பிப்ரவரியில் வகுப்புக்கு ஒரு புதுக் குழந்தை வந்தாள். சுமி. வங்காளத்திலிருந்து வேலைக்கு வந்த குடும்பம். வங்காள மொழி தவிர வேறொன்றும் தெரியாது. கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் எழுந்து போவதற்குள் தர்ஷினி போய்விட்டாள். சுமியின் கையைப் பிடித்து இழுத்துவந்து மைக்குக்கு முன்னால் உட்காரவைத்தாள்.

இந்த மாதம் முழுக்க நான் வங்காள மொழி படிக்கிறேன். கஷ்டமாக இருக்கிறது. சுமி மழையை வரைந்து 'பிரிஷ்டி' என்கிறாள். காலையில் சொன்னது மத்தியானம் எனக்கு மறந்துபோகிறது. பேருந்தில் முணுமுணுத்துக்கொண்டே வருகிறேன். சுமியின் வீட்டுக்காரர்கள் பேசினால் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. குளியலறை, தண்ணீர், வலி, அம்மா... இவற்றை மட்டும் முதல் நாளே அவள் அப்பாவிடம் கேட்டு மனப்பாடம் செய்துவிட்டேன்.

நேற்று மறுபடியும் 'பிரிஷ்டி' என்ற சொல்லில் தடுக்கி நின்றேன். தர்ஷினி என்னை வினோதமாகப் பார்த்தாள்.

"டீச்சர், நான் சொல்லிக்குடுத்ததெல்லாம் டக்கு டக்குனு பிடிச்சுக்கிட்டீங்க. இது மட்டும் ஏன் வரமாட்டேங்குது?"

அவள் கண்ணைப் பார்த்தேன். இதோ, இப்போதே சொல்லிவிடவா? அந்த அம்மா பையை மாற்றிப் பிடித்தது நினைவுக்கு வந்தது.

அவளே கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு முகம் தெளிந்தது.

"நான் நல்லாச் சொல்லிக்குடுத்தேன். அதான். இல்ல டீச்சர்?"

"ஆமா," என்றேன்.

அவள் சுமியின் பக்கம் திரும்பினாள். எப்படிச் சொல்லித்தரவேண்டும் என்று அவளுக்குப் பாடம் நடத்தத் தொடங்கினாள், பாதி மலையாளம், பாதி தமிழ், மீதி கைஜாடை. டீச்சருக்கு மெதுவாகச் சொல்லவேண்டுமாம். ஒரு தடவை சொன்னால் டீச்சருக்குப் புரியாதாம். கோபிக்கக் கூடாதாம், டீச்சர் பாவமாம். சுமி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். தர்ஷினி ஹெட்ஃபோனை எடுத்து, எக்கி, என் காதில் மாட்டிவிட்டாள்.

சுமி மைக்கில் நீளமாக ஏதோ சொன்னாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. உண்மையாகவே புரியவில்லை.

"இன்னொரு தடவை சொல்லு," என்றேன்.